தெருவின் பெயர்கள் உள்ள ஜெப நோட்டு: ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் லுத்தரன் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஷூ கம்பெனி வேலைக்காக ஆம்பூருக்குக் குடிவந்தவர்கள், கல்யாணமாகி வாணியம்பாடிப் பக்கம் வாழ வந்த பெண்கள், வேறு சபையில் வளர்ந்துவிட்டு இப்போது நடந்து போகும் தூரத்தில் இருப்பது லுத்தரன் ஆலயம்தான் என்பதால் அங்கே போக ஆரம்பித்தவர்கள் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள்: இந்தச் சபையில் எல்லாம் எப்படி நடக்கும், நாங்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பாதி பதில் சொல்லி அனுப்புவதைவிட ஒரே இடத்தில் முழுதாக எழுதிவிடலாம் என்றுதான் இது. சபையைப் பற்றி மட்டும் எழுதப்போவதில்லை, மழை வெள்ளத்தையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடிய அந்த வாரத்துக்குப் பிறகு, இரண்டையும் பிரித்துப் பேச எனக்கு வரவில்லை.

அந்த வாரம் எங்கள் தெருவுக்கு வருவாய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து, யார் வீடு மண்சுவர், எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், கைக்குழந்தை எத்தனை என்று கேட்டார். தெருவே ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே போய் இரவு ஜெபத்துக்கு வைத்திருக்கும் நோட்டை எடுத்து வந்தார். எந்தப் பாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது, யார் இன்சுலின் போடுகிறார், எந்தப் பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம், யார் வீட்டுச் சுவர் போன மழையிலேயே விரிந்தது, எல்லாம் அதில் இருந்தது. நிவாரணத்துக்காக எழுதிய பட்டியல் இல்லை அது. இருபது வருஷமாக ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பெயர் சொல்லி ஜெபித்த வீடுகள். வந்தவர் நின்றபடியே அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கீழே நான் எழுதும் எல்லாமே அந்த நோட்டிலிருந்து கிளம்பியதுதான்.

எந்தச் சபை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்து, 2019-ல் வேலூர் மறுபடியும் பிரிந்து, இன்று ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் சபைகளின் எல்லை அந்தப் பழைய நிலப்பரப்பின்படிதான் இன்னும் மனசில் ஓடுகிறது. வேலூர் நகரத்தில் நீங்கள் அதிகம் பார்ப்பது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயங்கள்; அது அமெரிக்க ஆற்காடு மிஷன் வேலை செய்த இடம், 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் சிறியதாகத் தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் அந்த வேரில் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வந்தால் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, சுருக்கமாக ஐ.இ.எல்.சி. பெரியவர்கள் இன்னும் ‘மிசௌரி மிஷன்’ என்றுதான் சொல்வார்கள். 1895-ல் தியோடர் நேதர் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணி, அடுத்து ஆம்பூருக்கு வந்தது. திருச்சபையாக அமைந்தது 1958-ல். ஆம்பூரில் கன்கார்டியா பள்ளிக்கூடமும் பெதஸ்தா ஆஸ்பத்திரியும் அந்த மிஷனில் பிறந்தவை. திருவண்ணாமலைப் பக்கம் டேனிஷ் மிஷனிலிருந்து வந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபை. தரங்கம்பாடியில் 1706-ல் சீகன்பால்க் வந்திறங்கிய வழியில் வருவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, 1919-ல் அமைந்தது, தலைமையிடம் திருச்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக இவ்வளவு வரலாறு தேவையில்லைதான். ஆனாலும் நேதரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக மனமில்லை. அவர் 1904-ல் கிருஷ்ணகிரியில் பிளேக் நோயில் இறந்தார். இந்தச் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரும் 1527-ல் ஜெர்மனியில் விட்டன்பர்க்கில் பிளேக் பரவியபோது, மற்றவர்கள் ஊரை விட்டுப் போன சமயத்தில், மனைவி கத்தரீனாவோடு அங்கேயே தங்கி நோயாளிகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார். ஆபத்து வந்தால் அக்கம்பக்கத்தை விட்டுவிட்டுப் போகாமல் இருப்பது இந்தச் சபைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு உள்ளே வாருங்கள்.

முதல் சில ஞாயிறுகள்

ஆராதனை புத்தகத்தைப் பார்த்து நடக்கும். புதியவர்களுக்கு எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று குழப்பமாக இருக்கும். நடுவரிசையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர் எழும்போது நீங்களும் எழலாம், பக்கத்தையும் திருப்பிக் காட்டிவிடுவார். தொடக்கத்தில் பாவ அறிக்கை, ஐயர், அதாவது போதகர், பாவமன்னிப்பை அறிவிப்பது, அப்புறம் வேதபாடங்கள், சுவிசேஷம் வாசிக்கும்போது எல்லோரும் நிற்பது, விசுவாசப்பிரமாணம், பிரசங்கம், காணிக்கை, பொது ஜெபம், கடைசியில் ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து உன்னைக் காக்கக்கடவர்’ என்ற ஆசீர்வாதம். பொது ஜெபத்தில் நோயாளிகள் பெயர் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதைக் கவனமாகக் கேளுங்கள். சபையை அறிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவது இங்கே வழக்கம். ஆராதனை முடிந்ததும் கிளம்பி ஓடாமல் வாசலில் ஐந்து நிமிஷம் நில்லுங்கள், உங்கள் பெயர், எந்தத் தெரு, எந்த ஊர்க்காரர் என்று அவர்களாகவே கேட்பார்கள். ஊரையும் உறவையும் விசாரிப்பதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் யாராவது சாதியைத் துருவ ஆரம்பித்தால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற இடத்தில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கக்கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருவிருந்து விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வேறு சபையில் ஞானஸ்நானம் பெற்றவராக இருந்தாலும், அந்த வாரத்துக்குள் ஐயரைப் பார்த்துப் பேசிவிட்டுப் போவதுதான் முறை. ஐ.இ.எல்.சி. சபைகளில் இதைக் கண்டிப்பாகவே பார்ப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் வெறும் அடையாளம் என்று லுத்தரன்கள் சொல்வதில்லை, கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் அங்கே மெய்யாகவே இருக்கிறது என்று நம்புகிறார்கள். அதனால்தான் பங்குபெறுகிறவர் அதை அறிந்து வரவேண்டும் என்று கேட்கிறார்கள். பிள்ளைகளுக்குக் குழந்தையிலேயே ஞானஸ்நானம், பிறகு ஞானோபதேச (கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடம்) வகுப்பு, திடப்படுத்தல் (வளர்ந்தபின் தானே விசுவாசத்தை அறிக்கையிடுவது), அதற்குப் பிறகு திருவிருந்து. கல்யாணம் முடிந்து வந்தவர்கள் பழைய சபையிலிருந்து சபை மாற்றக் கடிதம் வாங்கி வந்து கொடுத்துவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். இதைத் தள்ளிப்போடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டு ஜெபம்: இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்

லுத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், இதை வீட்டுத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. ஐயர் கற்றுக்கொடுப்பார் என்று அவர் எழுதவில்லை. எங்கள் வீட்டில் அந்த வீட்டுத் தலைவர் அம்மாதான், அப்பா தோல் ஷாப்பில் ஷிஃப்டு வேலைக்குப் போனதால் ராத்திரி ஜெபம் அவர் கையில் வந்தது. உங்கள் வீட்டில் யார் கையில் வந்தாலும் சரி, யாராவது ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எப்படி ஆரம்பிப்பது? பத்து நிமிஷம் போதும். சாப்பாட்டுக்கு முன்னால் வைத்தால் யாரும் நழுவ மாட்டார்கள். ஒரு பாட்டு, ஒரு சின்ன வேதபகுதி, ஞானோபதேசத்தில் ஒரே ஒரு கேள்வி பதில், அப்புறம் பெயர் சொல்லி ஜெபம், பரமண்டல ஜெபம். சாப்பிட உட்காரும்போது 145-ம் சங்கீதத்திலிருந்து, ‘எல்லா ஜீவன்களின் கண்களும் உம்மை நோக்கிக்கொண்டிருக்கிறது; ஏற்ற வேளையிலே நீர் அவைகளுக்கு ஆகாரங்கொடுக்கிறீர்’ என்று பிள்ளைகளைச் சொல்ல வையுங்கள். அந்த ஜெபமும் ஞானோபதேசத்திலேயே இருக்கிறது. எல்லா ஜீவன்களும் என்றால் நம் தெருவில் இன்று அடுப்பு எரியாத வீடும் சேர்த்துத்தானே என்று ஒருநாள் என் தம்பி, ஏழு வயசில், கேட்டான். அன்றைக்கு அம்மா ஒரு தூக்கில் சாதம் போட்டுக் கொடுத்து அவனையே அனுப்பினார்.

சி.எஸ்.ஐ. சபையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். பத்துக் கற்பனைகளை, அதாவது பத்துக் கட்டளைகளை, லுத்தரன்கள் எண்ணும் முறை வேறு. கொலை செய்யாதிருப்பாயாக என்பது உங்களுக்கு ஆறாவது, இங்கே ஐந்தாவது. களவு செய்யாதிருப்பாயாக இங்கே ஏழாவது. பிள்ளைகள் பரீட்சையில் மாற்றி எழுதிவிடுவார்கள், கவனம். ஆனால் எண்ணைவிட, லுத்தர் அந்த இரண்டுக்கும் கொடுத்த விளக்கத்தைத்தான் நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அயலானைக் கொல்லாமல் இருந்தால் போதாது, அவனுடைய சரீரத்துக்கு வரும் எல்லா ஆபத்திலும் அவனுக்கு உதவ வேண்டும், இது ஐந்தாவது. அவன் பொருளைத் திருடாமல் இருந்தால் போதாது, அவன் சொத்தும் பிழைப்பும் பெருகவும் பாதுகாக்கப்படவும் துணைநிற்க வேண்டும், இது ஏழாவது. வெள்ள நேரத்தில் முதல் மூன்று நாள் ஐந்தாம் கற்பனையின் வேலை, அதற்குப் பின் வரும் மூன்று மாதம் ஏழாம் கற்பனையின் வேலை. நிறைய பேர் முதலாவதைச் செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள்.

இனி அந்த நோட்டு. ஒரு சாதாரண நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, எதிரே ஐந்து என்று பதினைந்து வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊரையே எழுத ஆசைப்படாதீர்கள். கிறிஸ்தவ வீடுகளை மட்டும் எழுதுவது என்றால் எழுதவே வேண்டாம். எங்கள் நோட்டில் பாய் வீடுகள்தான் பாதி, ஆம்பூரில் அப்படித்தானே இருக்கும். பெயர், வயசு, என்ன வேலை, என்ன நோய், என்ன மருந்து, சுவர் மண்ணா செங்கல்லா, கூரையா ஓடா தளமா, மாடு ஆடு உண்டா, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் போன் நம்பர். கணக்கெடுக்கிற மாதிரி போய்க் கேட்காதீர்கள். ஒரு வாரம் ஒரு வீடு, பால் வாங்கப் போகும்போது பேசி, தெரிந்ததை வந்து எழுதுங்கள். நோட்டு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது, அதில் இருக்கும் நோயும் கடனும் சண்டையும் யார் காதுக்கும் போகக்கூடாது. உயிர் ஆபத்து வந்தால் மட்டும், அதற்குத் தேவையானதை மட்டும், காப்பாற்ற வந்தவரிடம் சொல்லலாம்.

மழைக்காலத்துக்கு முன்னால்

எங்கள் பக்கத்து வெள்ளம் பெரும்பாலும் நம் ஊர் மழையால் மட்டும் வருவதில்லை. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஆந்திரா வழியாக வந்து வாணியம்பாடிக்கு மேலே புல்லூரில் நுழைகிறது. நம் வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் வரும். அதனால் ‘புல்லூர் தடுப்பணை வழிகிறது’ என்று செய்தி கேட்டால் ஆற்றோரத்தில் இருப்பவர்கள் அன்றைக்கே பொருளை மேலே ஏற்றுங்கள். குடியாத்தம் என்றால் மோர்தானா அணையும் கௌண்டன்யா ஆறும். மற்ற ஊர்களில் ஏரி கோடி போகிறதா, கானாற்றில் குப்பை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். வாணியம்பாடியில் 1903 நவம்பர் வெள்ளத்தில் இறந்தவர்களுக்கான நினைவுத் தூண் இருக்கிறது. ஊருக்குப் புதியவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒருமுறை காட்டுங்கள், பாலாறு வருஷக்கணக்கில் மணலாகக் கிடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது.

செப்டம்பர் கடைசிக்குள் செய்ய வேண்டியவை: ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக், பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட், பீடித் தொழிலாளர் என்றால் அந்த அட்டை, எல்லாவற்றையும் ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள், போனில் போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். சபை மாற்றக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னேனே, அது இதற்காகவும்தான். ஞானஸ்நானச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் நனைந்து போனால் சபைப் பதிவேட்டிலிருந்து மறுபடி நகல் வாங்கலாம், பதிவேட்டில் பெயர் இருந்தால். ஆலயச் சாவி யாரிடம், பள்ளிக்கூட அறையின் சாவி யாரிடம், ஜெனரேட்டர் ஓடுகிறதா, பெரிய அண்டா எத்தனை என்பதை சபைச் சங்கக் கூட்டத்தில் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள். புதியவர் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அதோடு, ஜமாத்தில் ஒரு பெரியவரின் போன் நம்பரும் கோயில் கமிட்டியில் ஒருவர் நம்பரும் கட்டாயம் வேண்டும். வெள்ளத்தன்று அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது.

பெண்கள் சங்கத்தில் கைப்பிடி அரிசி எடுக்கும் பழக்கம் இருந்தால் சேர்ந்துகொள்ளுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி தனியாக எடுத்து வைப்பது. முப்பது வீடு ஒரு மாதம் எடுத்தால் மூட்டைக்கணக்கில் நிற்கும்.

தண்ணீர் வந்த ராத்திரி

முதலில் மெயின் சுவிட்ச். பிறகு நோட்டில் மண்சுவர் என்று எழுதிய வீடுகள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: 2021 நவம்பர் 19 விடியற்காலையில் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து 9 பேர் இறந்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். ஆறு அடித்துக்கொண்டு போகவில்லை, ஊறிய சுவர். மழை விட்டுவிட்டது என்று ஊறிய வீட்டுக்குள் படுக்க விடாதீர்கள், இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகும் விழும். கெஞ்சிக் கூத்தாடியாவது ஆலயத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மதரஸாவுக்கோ கூட்டிவந்துவிடுங்கள்.

எண்கள்: மாவட்ட அவசரகால மையம் 1077, மாநில மையம் 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987. இழுத்து ஓடும் தண்ணீரில் நீந்தத் தெரியும் என்று வாலிபர் சங்கப் பையன்கள் இறங்கத் துடிப்பார்கள், இறங்க விடாதீர்கள். முழங்கால் அளவு ஓட்டமே ஆளைச் சாய்த்துவிடும். அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள், முதியவர்களைத் தூக்குவது, மருந்துப் பையை எடுப்பது, மாட்டின் கயிற்றை அவிழ்த்து விடுவது. கட்டிப்போட்ட மாடுதான் சாகும்.

முதல் மூன்று நாள்

சமையலில் ஒரு முடிவை முன்பே எடுத்துவிடுங்கள்: சைவம் மட்டும். ஆம்பூர் என்றால் பிரியாணி ஞாபகம்தான் வரும், ஆனால் பாய் வீட்டுக்கு ஹலால் வேண்டும், சில வீட்டில் கறியே ஆகாது, யாரும் தயங்கித் தயங்கிக் கேட்டுச் சாப்பிடும் நிலைமை வரக்கூடாது. பொங்கலோ தக்காளி சாதமோ போதும். ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வையுங்கள். முகாமில் இருப்பவர்களில் சமைக்கத் தெரிந்த பெண்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். சும்மா வரிசையில் நின்று தட்டு நீட்டுவதைவிட, கரண்டி பிடித்து நிற்பது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

குடிதண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். கிணறு, சம்ப் தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் அளவில் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு பக்கெட்டில் கரைத்துத் தெளிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது, சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டுவிடுங்கள். வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சேற்றில் இறங்கும்போது செருப்பு அல்ல, ஷூ. கையில் காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும். நம் பக்கத்துச் சேற்றில் தோல் கழிவும் கலந்திருக்கலாம், பிள்ளைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

துணி வாங்கும்போது கிழிந்தது, கறைபட்டது எல்லாவற்றையும் வாசலிலேயே மறுத்துவிடுங்கள். எங்களுக்கு அந்த 2021-ல் வெளியூர்ச் சபை ஒன்றிலிருந்து ஒரு வேன் நிறையப் பழந்துணி வந்து, அதைப் பிரிக்கவே இரண்டு நாள் போனது, கட்டுகிற மாதிரி இருந்தது கால்வாசிகூட இல்லை. யாராவது என்ன அனுப்பட்டும் என்று கேட்டால் புது லுங்கி, நைட்டி, உள்ளாடை, நாப்கின், பாய், போர்வை, பக்கெட், கொசுவர்த்தி என்று தெளிவாகச் சொல்லுங்கள். நாப்கினைப் பெண்களே பெண்களுக்குக் கொடுக்கட்டும்.

பணத்தை யாருடைய தனி ஜிபே நம்பருக்கும் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். சபைக் கணக்கு, ரசீது, இரண்டு பேர் கையெழுத்து, வரவு செலவை அடுத்த ஞாயிறு அறிவிப்பில் வாசிப்பது.

சாப்பாடு வாங்குகிறவர் முகத்தைப் போட்டோ எடுக்காதீர்கள். அரிசிப் பையில் சுவிசேஷக் கைப்பிரதி வைக்காதீர்கள். இதில் சபைக்குள்ளேயே வேறு கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு நான் பலமுறை வாதாடியிருக்கிறேன். நற்கிரியையால் இரட்சிப்பு வராது, அது கிருபையால் விசுவாசத்தின் மூலம் மட்டுமே என்று சொல்லும் சபை இது. அப்படியானால் நான் கொடுக்கும் அரிசி எனக்கு எதையும் சம்பாதித்துத் தர வேண்டியதில்லை, புண்ணியமும் வேண்டாம், ஒரு புது அங்கத்தினரும் வேண்டாம். பசிக்கிறவருக்கு அது வெறும் அரிசியாகப் போய்ச் சேரட்டும். யாராவது ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டால், அப்போது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

என்ன பேசக்கூடாது

‘கர்த்தர் ஏதோ சொல்லத்தான் இதை அனுப்பினார்’, ‘பாவம் பெருகிவிட்டது’ என்று இழவு வீட்டில் யாராவது ஆரம்பிப்பார்கள். லூக்கா 13-ல் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசுகிறார்; எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, அப்படியல்ல என்கிறார். பேரணாம்பட்டுச் சுவர் விழுந்ததற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஜெபத்தில் அம்மா அந்தப் பகுதியைத்தான் எடுத்தார். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, இறந்த குழந்தைகளுக்காக அழுதார், நாங்களும் அழுதோம். துக்க வீட்டில் வார்த்தை வராவிட்டால் 69-ம் சங்கீதத்தை மெதுவாக வாசியுங்கள்: ‘தேவனே, என்னை இரட்சியும்; வெள்ளங்கள் என் ஆத்துமாமட்டும் பெருகிவருகிறது.’ கிறிஸ்தவ வீடு இல்லையென்றால் வாசிக்க வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து டீ போட்டுக் கொடுங்கள்.

அப்புறம் வரும் மூன்று மாதம்

வெளியூர் வேன்கள் நின்றுவிடும், முகாமைக் காலி செய்துவிடுவார்கள், சபைக்கும் களைப்பு வந்துவிடும். புதியவர்களாகிய நீங்கள் உண்மையில் பயன்படப்போவது இப்போதுதான்.

நிவாரணத் தொகைக்கு வி.ஏ.ஓ. பார்வையிட்டு எழுத வேண்டும். சேற்றை அள்ளிக் கொட்டும் முன் சேதத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். செத்த மாட்டைப் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுச் சான்று வாங்குங்கள், இதைத் தெரியாமல் எத்தனையோ பேர் இழந்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அரசு மாட்டுக்கு 37,500 ரூபாயும், ஆட்டுக்கு 4,000 ரூபாயும், சேதமான குடிசைக்கு 8,000 ரூபாயும் அறிவித்தது. ஒவ்வொரு பேரிடருக்கும் தனி அரசாணை வரும், அதைத் தாலுக்கா அலுவலகத்தில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் மனுவை எழுதிக் கொடுங்கள், கூடவே போங்கள், ஒரு நகலில் சீல் வாங்குங்கள். நனைந்த ஆவணங்களைத் தேய்க்காமல் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து நிழலில் காய வையுங்கள், போனவற்றுக்கு இ-சேவை மையம்.

பிழைப்பு என்று வரும்போது ஒவ்வொரு வீட்டுக்கும் தேவை வேறு. பீடி சுற்றும் அக்காவுக்கு முறமும் கத்தரியும் புதிதாக வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரமே கூலி வரும், ஆனால் நனைந்து போன இலைக்கான பணத்தைக் கம்பெனிக்காரர் கூலியில் பிடித்தால், கூடப் போய்ப் பேச ஒரு ஆள் வேண்டும். லுங்கி நெய்கிறவருக்குத் தறிக்குழியில் நின்ற தண்ணீரை இறைத்துக் காய வைக்க ஆள் வேண்டும். ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்குப் பணம் வேண்டாம், பத்து நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும். தள்ளுவண்டிக்காரருக்கு ஒரு டயர். இதெல்லாம் அரிசி மூட்டைக் கணக்கில் அடங்காது, நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். வட்டிக்கு வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் முன்பே பேசுங்கள். ஐயரிடமோ ஜமாத்திலோ சொல்லி வட்டியில்லாமல் ஒரு கைமாற்று ஏற்பாடு செய்ய முடியும்.

வானம் இடித்தாலே அலறும் பிள்ளைகள் இருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் அவர்களை வரைய விடுங்கள், தண்ணீரைத்தான் வரைவார்கள், வரையட்டும். மாதக்கணக்கில் தூங்காத பெரியவர்களை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றோடொன்று போட்டி போடுவதில்லை.

டிசம்பர் 31

ராத்திரி ஆராதனைக்குக் கிளம்பும் முன் புது நோட்டு வாங்கி, பழையதைப் பார்த்துப் பெயர்களை எழுதுங்கள். வீடு மாறிப் போனவர்களை விட்டுவிடாமல் புது முகவரியோடு எழுதுங்கள், பிறந்த குழந்தைகளைச் சேருங்கள், இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் தேதியைப் போடுங்கள். மண்சுவரைச் செங்கல் ஆக்கிய வீடு இருந்தால் அதை எழுதி, அன்றைக்கு ராத்திரி அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். எங்கள் நோட்டில் எட்டாம் பக்கத்து வீட்டுக்கு இன்னும் மண்சுவர்தான். இந்த வருஷம் மழைக்கு முன்னால் அதைக் கட்டிவிட வேண்டும் என்று வாலிபர் சங்கமும் ஜமாத்துப் பையன்களும் சேர்ந்து செங்கல்லுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.